இரண்டடித் தொட்டியில் யாரோடு யாரை விடுவது?

தங்கை வீட்டுக்குப் புதிதாக ஒரு மீன் தொட்டி வந்திருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். அடியில் கூழாங்கல் பரப்பி, மேலே இரண்டு விரற்கடை விட்டு நிரப்பினால் உண்மையில் நிற்பது 45 லிட்டர்தான். அவள் மகனின் பிறந்தநாளுக்கு வந்த பரிசு அது. மீன் வாங்காமல் வெறும் தொட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது, கொடுத்தவர்கள் அறியாமலே செய்த நல்ல காரியம்.

பையனுக்கு எட்டு வயது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். கோல்டு ஃபிஷ் இரண்டு, ஃபைட்டர் ஒன்று, ஏஞ்சல் ஒரு ஜோடி, மின்னுகிற சின்ன மீன் பத்து, கண்ணாடியைத் துடைக்க ஒரு சக்கர். மின்னுகிற சின்ன மீன் என்று அவன் எழுதியிருந்தது நியான் டெட்ராவை. "அண்ணா, இதெல்லாம் ஒன்றாக இருக்குமா?" என்று தங்கை கேட்டாள். கடையில் இருக்கும்வரை எல்லாமே ஒன்றாகத்தான் இருக்கும் என்றேன்.

மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, எது எதோடு சண்டை போடும் என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. சண்டை கண்ணுக்குத் தெரியும். கிழிந்த துடுப்பைப் பார்த்து மீனைப் பிரித்துவிடலாம். தண்ணீர் ஒத்துக்கொள்ளாத மீன் சத்தமில்லாமல் இரண்டு மாதம் தேய்ந்து, ஒரு நாள் காலையில் மிதக்கும். நாம் "இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோம். என் பரணில் ஒன்று பல வருடம் இருந்தது.

அதனால் முதலில் அவள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்தோம். சென்னையில் மூன்றாவது மாடி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரத்தைப் பழுது பார்க்க வருபவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று சொல்லும் கருவி. அது 900-ஐக் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் விரும்பத்தக்க அளவு 500. சோதனைத் தாளை நனைத்தால் பி.எச். 8 என்று வந்தது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானியை விட்டால் 31 டிகிரி. அப்போது மார்ச் மாதம்தான். ஆக, கடினமான, காரத்தன்மை உள்ள, சூடான தண்ணீர். இந்தத் தண்ணீருக்கு யார் வருவார்கள் என்று பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குள் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதுதான் முறை.

பட்டியலில் முதலில் இருந்தது கோல்டு ஃபிஷ். சீனத்தில் குளத்துக் கெண்டை வகையிலிருந்து பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கி வளர்த்து உருவாக்கிய மீன் அது. அதற்குப் பிடித்தது 18 முதல் 23 டிகிரி வரையிலான குளிர்ந்த தண்ணீர். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். சென்னையில் அது பிழைத்துக் கிடக்கும், அவ்வளவுதான். 20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சுத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரிதான். மே மாதத்தில் கோல்டு ஃபிஷ் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, பசிக்கிறது என்று நினைத்து இன்னும் தீனி போடுகிறவர்கள் உண்டு.

அதற்கு வயிறும் கிடையாது. இரைப்பை என்ற உறுப்பே இல்லாததால் தின்றது நேராகக் குடலுக்குப் போகும்; நாள் முழுக்கத் தின்னும், நாள் முழுக்கக் கழியும். கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வருவது அம்மோனியா. இங்கேதான் நம் தண்ணீரின் பி.எச். கணக்குக்குள் வருகிறது. தண்ணீரில் சேரும் மொத்த அம்மோனியாவில் நஞ்சாகும் பகுதி, 25 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் ஒரு சதவீதம்கூட இல்லை. பி.எச். 8 ஆனால் அதே தண்ணீரில் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டும். சூடு கூடினால் இன்னும் ஏறும். ஒரே அளவு அழுக்கு, பெங்களூரில் மென்தண்ணீர் உள்ள ஒரு வீட்டில் மீனைச் சோர்வடையச் செய்யும் என்றால், தங்கை வீட்டில் கொன்றுவிடும். நன்றாக வளர்த்தால் பத்துப் பதினைந்து வருடம் வாழ்ந்து ஒரு சாண் நீளத்துக்கு வளரும் மீனுக்கு 45 லிட்டர் போதவும் போதாது. பையனின் முகம் சுருங்கியது. பேனாவை வாங்கி அவனே அடித்தான்.

நியான் டெட்ரா எனக்கும் ஆசைதான். மேற்கு அமேசான் காட்டோடைகளின் மீன். இலை உதிர்ந்து ஊறி, தேநீர் வடித்த நிறத்தில் இருக்கும் தண்ணீரில் பிறந்தது. உப்பு ஏறக்குறைய இல்லாத, சற்றே அமிலமான மென்தண்ணீர். பத்துப் பன்னிரண்டாக விட்டால் ஒரே திசையில் திரும்பும்போது தொட்டிக்குள் நீலக் கோடு ஓடும். அடியில் கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தி நான்கைந்து மீசையால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தால் அந்தத் தொட்டிக்கு நிகரே கிடையாது. எது எதோடு சேரும் என்ற கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இந்த ஜோடிதான் முதலிடம். ஒருவரை ஒருவர் சீண்டாது, ஒருவர் இடத்துக்கு மற்றவர் வராது.

ஆனால் 900 டி.டி.எஸ். தண்ணீரில், 31 டிகிரியில்? செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி, அல்லது அதற்கும் மேலாகக் கலக்க வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறோம் என்றால் 11 லிட்டர். அதில் ஏழெட்டு லிட்டர் ஆர்.ஓ. ஒரு வாரத்துக்கு இது பெரிய வேலை இல்லை. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு, பரீட்சை, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் நடுவே, அதே விகிதத்தில் கலப்பது வேலைதான். கோடையில் நியான் இன்னும் தவிக்கும். 25 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது. டெட்ராதான் வேண்டும் என்று பிடிவாதம் இருப்பவர்கள் அதன் பெரியப்பா மகனான கார்டினலை வாங்கலாம். சிவப்புக் கோடு பாதி உடம்போடு நிற்காமல் கண் முதல் வால் வரை ஓடும். சூட்டையும் நியானைவிடக் கூடுதலாகத் தாங்கும். மென்தண்ணீர் என்ற நிபந்தனை மட்டும் அதற்கும் உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடாக இருந்தால் என் தீர்ப்பே மாறியிருக்கும்.

ஏஞ்சலும் நியானும் ஒன்றாக வேண்டும் என்று கேட்காதவர் இல்லை. இரண்டுமே அமேசான் என்பதால் பொருத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பூனையும் எலியும்கூட ஒரே தெருதான். ரூபாய் நாணய அளவில் வாங்கி விடும் ஏஞ்சல் ஓராண்டில் உள்ளங்கை அளவாகும். அன்றிலிருந்து நியான் எண்ணிக்கை பத்து, எட்டு, ஐந்து என்று இறங்கும். வாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் மீனுக்கு இரைதான். அதோடு ஏஞ்சல் அகலமாக வளர்வதைவிட உயரமாக வளரும் மீன். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் ஓரடித் தண்ணீரில் அது குனிந்துதான் நிற்க வேண்டியிருக்கும்.

சக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் எந்தக் கடையில் தொட்டி வாங்கினாலும் "சார், ஒரு சக்கர் போட்டுக்கொள்ளுங்கள், அதுவே சுத்தம் செய்துவிடும்" என்றுதான் சொல்வார்கள். அது சுத்தம் செய்யாது. குட்டியாக இருக்கும்போது கண்ணாடியிலுள்ள பாசியைச் சுரண்டும். வளர்ந்த பிறகு நாம் போடும் தீனியை முதலில் வந்து தின்னும், தின்றதற்கு ஏற்பக் கழியும். நண்பர் ஒருவர் வீட்டில் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் வட்டமாகச் செதில் உதிர்ந்துகொண்டே இருந்தது. என்னென்னவோ மருந்து ஊற்றினார். ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சக்கர் அந்தக் கோல்டு ஃபிஷ்ஷின் மேல் சாய்வாக ஒட்டிக்கொண்டு, அதன் வழுவழுப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கோல்டு ஃபிஷ் நகரவே இல்லை, பழகிப்போயிருக்கும் போல.

கடையில் விரல் நீளத்தில் விற்கும் அது ஒரு முழத்துக்கு வளரும். அப்போது என்ன செய்வார்கள்? பாவம் என்று பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு வருவார்கள். தென்னமெரிக்காவின் அந்த மீன் இன்று நம் ஏரி, குளங்களில் கெளுத்திக்கும் கெண்டைக்கும் போட்ட வலையில் வந்து சிக்குகிறது. தகடு போன்ற அதன் தோலும் முள்ளும் வலையைக் கிழிக்கின்றன. சந்தையில் வாங்குவார் இல்லை. இரண்டடித் தொட்டிக்கு எந்தக் கணக்கிலும் வராத மீன் இது.

ஃபைட்டரின் கதை வேறு. 2019-ல் தாய்லாந்து அரசு அதைத் தன் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அந்த நாட்டு நெல்வயல்களிலும் தேங்கிய குட்டைகளிலும் பிறந்த மீன் என்பதால் சூடு அதற்குப் பிரச்சினையே இல்லை. 28, 30 டிகிரியில்தான் நிறமே ஏறும். செவுளோடு சேர்த்துக் காற்றை நேராக மூச்சு வாங்கும் தனி உறுப்பும் இருக்கிறது. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கு இருப்பதும் அதே உறுப்புதான். இரண்டும் ஒரே கூட்டம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், 1791-ல், பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக அங்கிருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி லண்டனுக்கு எழுதி அனுப்பினாரே, அது இந்தப் பனையேறிதான். மரம் ஏறியதா என்பது இருக்கட்டும். மின்சாரம் நின்று ஏர் பம்ப் ஓடாத மூன்று மணி நேரத்தை ஃபைட்டர் கவலையில்லாமல் கடந்துவிடும்.

ஆனால் யாரோடு விடுவது? இன்னொரு ஆண் ஃபைட்டரோடு கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பியோடும் கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு கப்பியின் வால், எலி கடித்த பட்டுமுந்தானை மாதிரி தொங்கியது. நீண்ட வாலும் பளபளப்பும் இருந்தால் ஃபைட்டர் அதைத் தன் இனத்துப் போட்டியாளன் என்றே எடுத்துக்கொள்கிறது. புலிக்கோடு போட்ட டைகர் பார்ப்போடு விட்டால் கதை தலைகீழ். அவை ஃபைட்டரின் துடுப்பைத் தின்றுவிடும். டைகர் பார்ப் எட்டுப் பத்தாகச் சேர்ந்து இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும், இரண்டு மூன்றாக இருந்தால் அடுத்தவனைக் கடிக்கும். ஆகவே ஃபைட்டருக்கு நான் சொல்லும் துணை நத்தை, இல்லையென்றால் தனிமை. ஒரே ஒரு மீன், நிறையச் செடி, வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர். வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல தொட்டி இல்லை. எட்டு வயதுப் பையனுக்கு ஒரு மீன் போதாது. அது ஒன்றுதான் இதில் குறை.

பட்டியலில் இல்லாத மூன்று பேரை நான் கொண்டுவந்தேன். ஒன்று ஜீப்ரா டேனியோ. கங்கைச் சமவெளி ஓடைகளின் மீன். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வெள்ளெலிக்கு அடுத்தபடியாக வேலை செய்வது. குளிரோ சூடோ மென்தண்ணீரோ கடினமோ எதையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஓயாமல் ஓடும். மூன்றடித் தொட்டியில் அது அழகு. இரண்டடியில் ஓடித் திரும்புவதற்குள் சுவர் வந்துவிடும். சாவதானமாக நீந்தும் மீன்களுக்கு அது ஒரு தொந்தரவும்கூட. அடுத்தது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கு மட்டுமே உரிய மீன், இன்று பண்ணைகளில் வளர்ந்து எல்லா நாட்டுக்கும் போகிறது. பார்ப் இனத்திலேயே சாது. ஆண் மீன் நல்ல மனநிலையில் இருந்தால் பழுத்த மிளகாய் நிறம். தங்கை வீட்டுத் தண்ணீரில் அது இருக்கும், செழிக்குமா என்பது சந்தேகம். கொஞ்சம் மென்மையான தண்ணீர் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவது, குட்டி போடும் கூட்டம்: கப்பி, பிளாட்டி, மோலி. வளர்ப்பில் தேர்ந்தவர்கள் இவற்றைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். கொசுப்புழு தின்ன சாக்கடையில் விடுகிற மீன்தானே என்பார்கள். அதுதான் அதன் தகுதிச் சான்றிதழ் என்கிறேன் நான். இந்த மூன்றும் கடினத் தண்ணீரை வெறுமனே பொறுத்துக்கொள்பவை அல்ல, அதை விரும்புபவை. மற்றவர்கள் தண்ணீரில் தாது உப்புகளைக் கரைத்துத் தரும் வசதி சென்னை ஆழ்துளைக் கிணற்றில் இலவசமாகவே வருகிறது. கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டப் பண்ணைகளிலும் தலைமுறை தலைமுறையாக இதே தண்ணீரில் பிறந்தவை வேறு. மோலி கொஞ்சம் பெரிதாகும், மூன்றடித் தொட்டிக்கு விட்டுவிடலாம். கப்பியும் பிளாட்டியும் இரண்டடிக்கு அளவெடுத்துத் தைத்தது போல. கப்பி மேல்மட்டத்தில் திரியும், பிளாட்டி நடுவிலும் அடியிலும் மேயும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மீனின் வாயைப் பாருங்கள். கப்பியின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், தண்ணீர்ப் பரப்பில் விழும் பூச்சியைத் தின்னும் வாய். கோரிடோரஸின் வாய் கீழ்நோக்கி இருக்கும். வாய் நேராக இருந்தால் நடுவீட்டுக்காரர். மூன்று மாடிக்கும் ஆள் இருந்தால் யாரும் யாரோடும் இடித்துக்கொள்ள மாட்டார்கள்.

குட்டி போடுவதுதான் இவற்றின் ஒரே வில்லங்கம். ஒரு பெண் கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். 45 லிட்டர் ஆறு மாதத்தில் மாநகரப் பேருந்தாகிவிடும். அதனால் ஆண்களை மட்டும் வாங்குங்கள் என்றேன். வால் பக்கம் அடியில் உள்ள துடுப்பு ஆணுக்குக் குச்சி போலக் கூராக இருக்கும், பெண்ணுக்கு விசிறி போல விரிந்திருக்கும். ஆண்கள்தான் நிறமும் அதிகம் என்பதால் கப்பியைப் பொறுத்தவரை இழப்பு ஒன்றுமில்லை.

எத்தனை மீன் என்பதற்கு "ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்" என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நீளம் இரண்டு மடங்கானால் உடம்பின் கனம் எட்டு மடங்காகும். ஆஸ்கர் என்ற பெரிய மீன் பத்து அங்குலத்தில் ஒன்றும், ஓரங்குல டெட்ரா பத்தும் ஒரே கழிவைத் தருவதில்லை. தங்கை வீட்டுக்கு நான் சொன்ன எண்ணிக்கை ஆறு கப்பி, நான்கு பிளாட்டி, இரண்டு நத்தை. கடினத் தண்ணீரில் நத்தை ஓடு கல் மாதிரி இருக்கும். கண்ணாடியை யார் துடைப்பார்கள் என்று பையன் கேட்டதற்கு, பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை அவன் கையில் கொடுத்தேன்.

கடைக்குப் போகும்போது சாயமேற்றிய மீனை வாங்க வேண்டாம் என்று மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பினேன். விடோ டெட்ராவை ரோஸ், நீலம், பச்சை என்று நிறம் ஏற்றி விற்பார்கள். சில மாதத்தில் நிறம் வெளுக்கும், பாதி மீன் அதற்கு முன்பே போய்விடும்.

தொட்டியை உடனே நிரப்பி மீனை விடவும் இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். என் தொட்டியில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஈரம் காயாமல் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோய் வைத்தேன். காத்திருப்பு இரண்டு வாரமாகக் குறைந்தது. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். முதலில் நான்கு கப்பி மட்டும் வந்தது. பத்து நாள் கழித்து மீதி.

ஏப்ரலில் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டபோது மூடியை எடுத்துவிட்டு, ஒரு சிறு மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசுமாறு வைத்தார்கள். இரண்டு டிகிரி இறங்கியது. ஒரு மீனும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து நிற்கவில்லை. மே இரண்டாம் வாரம் இரவு பத்து மணிக்குத் தங்கை ஒரு படம் அனுப்பினாள். செடியின் வேர்ப்பக்கம் ஊசிமுனைக் கண்களாகப் பன்னிரண்டு, பதின்மூன்று. ஆண் என்று கடைக்காரர் துடுப்பைக் காட்டி உறுதியாகச் சொல்லிக் கொடுத்த ஆரஞ்சுப் பிளாட்டி குட்டி போட்டிருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பையன் அதற்குள் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டானாம்.